ஓரெழுத்து விகாரம்

திருகோணமலை லிங்கநகரில் நின்று உட்துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குக் கலம் என்றதும் மரக்கலமே நினைவுக்கு வரும்; அதே தெருவால் புத்தகப் பையுடன் செல்லும் உயர்தர வகுப்பு மாணவியைக் கேட்டாலோ, சரீரத்தைக் கட்டியெழுப்பும் நுண்ணிய உயிர்க்கூறையே கலம் என்பாள். அவள் சொல்லும் கலத்துள், அதிலும் மூளையின் நரம்புகளைத் தாங்கி நிற்கும் கிளையாக் கலத்துள், ஒரேயோர் எழுத்து பிறழ்வதால் நேரும் விபரீதத்தைப் பற்றியே எழுத முற்படுகிறேன்.

சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950இல் நரம்பியல் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கிய நாட்களில், மூளைக் கட்டியின் ஜாதியை நிர்ணயிக்க வைத்தியர்கள் நுணுக்குக்காட்டியையே நம்பியிருந்தனர். தோற்றத்தில் இரட்டையர் போன்ற இரு கட்டிகளுள் ஒன்று பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்க, மற்றது ஓராண்டுக்குள் உயிரைக் குடித்துவிடுவது ஏன் என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 2008இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் ஒரு முடிச்சை அவிழ்த்தனர். ஐ.டி.எச்.1 என்னும் மரபணுவில், பெரும்பாலும், 'ஜி' என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ' அமர்ந்துவிடுகிறது; அதன் பலனாக அம்மரபணு ஆக்கும் நொதியத்தின் 132ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்னும் அமினோவமிலம் அகன்று ஹிஸ்டிடின் குடியேறுகிறது. இவ்வாறு விகாரமடைந்த நொதியம் தன் தொழிலை மறந்து 2-ஹைட்ரொக்சி குளூட்டரேற்றை உற்பத்தி செய்யத் தலைப்பட, அப்பொருளோ மரபணுக்களின் மீது படிந்த மெதைல் முத்திரைகளை அழிக்கும் நொதியங்களின் கைகளைக் கட்டிப்போட, முதிர்ந்து தன் கடமையை ஏற்க வேண்டிய கலம் முதிராமலே பெருகிக்கொண்டு போகிறது.

விசித்திரம் யாதெனில், இவ்விகாரம் உடையவர்களே இல்லாதவர்களைவிட நெடுநாள் வாழ்கின்றனர். ஆதலால் 2021ஆம் ஆண்டின் உலக சுகாதார ஸ்தாபன வகைப்பாடு, இவ்விகாரமற்ற கொடிய கட்டிக்கே கிளையோபிளாஸ்டோமா என்ற பெயரை ஒதுக்கிவிட்டது. அதற்கு இன்றும் அறுவை, கதிர்வீச்சு, டெமோசோலமைட் என்னும் மருந்து ஆகியவையே பிரதான கதி. அக்கட்டியிலும் ஒருவருக்கொருவர் வேறுபாடு உண்டு: பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக் குமரவேல் சோமசுந்தரமும் நிம்ஹான்ஸ் மருத்துவ நிலைய வைத்தியர்களும் 14 மரபணுக்களின் செயற்பாட்டை அளந்து நோயின் போக்கைக் கணிக்கும் முறையொன்றை 2013இல் வெளியிட்டனர்.

விகாரமுள்ள கட்டிக்கோ புதிய மருந்து வந்துவிட்டது. குருதியிலிருந்து மூளைக்குள் எதையும் எளிதில் விடாத தடுப்பொன்று உண்டு. யுத்த காலத்தில் நாங்கள் கடந்த சோதனைச் சாவடிகளிலும் அது கண்டிப்பானது. அதையும் ஊடுருவிச் சென்று, பிறழ்ந்த நொதியத்தை அடக்கும் மாத்திரை வொராசிடெனிப். 331 பேரிடம் நடந்த பரிசோதனையில், வெறும் மாத்திரை உண்டோரில் கட்டி மேலும் வளராதிருந்த காலம் இடைய அளவில் 11.1 மாதம், மருந்து உண்டோரில் 27.7 மாதம். 2024 ஆகஸ்டில் அமெரிக்கா இதை அங்கீகரித்தது. விலையோ எங்கள் கைக்கு எட்டாதது. ஆயினும் அந்த எழுத்துப் பிறழ்வை அறிய மரபணு முழுவதையும் வாசிக்க வேண்டியதில்லை: அறுத்தெடுத்த இழையத்தின் மெல்லிய சீவலில், விகாரப் புரதத்தை மட்டுமே பற்றும் பிறபொருளெதிரியை இட்டு, கபில நிறம் ஏறுகிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.