இழந்த அணியை மீட்ட வின்னிபெக்: ஐஸ் ஹாக்கி அணி ஒரு நகருக்குத் திரும்புவது எப்படி?

கனடாவின் மனிடோபா மாகாணத் தலைநகரான வின்னிபெக், 1996-ஆம் ஆண்டில் தனது தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணியை இழந்தது. 15 ஆண்டுகள் கழித்து, 2011-ஆம் ஆண்டில், அதே பெயரில் வேறோர் அணியைப் பெற்றது. வட அமெரிக்காவில் அணியைப் பறிகொடுத்த நகரங்கள் பல உள்ளன. மீண்டும் பெற்றவை சிலவே. ரசிகர்களின் ஆர்வம் மட்டும் ஓர் அணியைத் திரும்பக் கொண்டுவந்துவிடுமா? வின்னிபெக்கிற்குக் கைகூடியது கியூபெக் நகருக்கு ஏன் கைகூடவில்லை? இக்கேள்விகளுக்கான விடை, விளையாட்டைக் காட்டிலும் பொருளாதாரத்திலேயே அதிகம் அடங்கியுள்ளது.

அணி எவ்வாறு இடம்பெயர்கிறது?

வட அமெரிக்காவின் முதன்மையான ஐஸ் ஹாக்கி அமைப்பு தேசிய ஹாக்கி லீக் (என்எச்எல்) ஆகும். இதில் உள்ள 32 அணிகளில் 25 அமெரிக்காவையும், 7 கனடாவையும் சேர்ந்தவை. இந்தியாவின் ஐபிஎல் கிரிக்கெட் போட்டியைப் போலவே, இங்கும் ஒவ்வோர் அணியும் தனியார் வசம் உள்ள ஓர் உரிமம் ஆகும். நகரின் பெயரை அணி தாங்கியிருந்தாலும், அது அந்நகரின் உடைமை அல்ல. தொடர்ந்து இழப்பு ஏற்பட்டால், மற்ற அணி உரிமையாளர்களைக் கொண்ட ஆளுநர் குழுவின் ஒப்புதலைப் பெற்று, அணியை வேறு நகருக்கு மாற்றவோ விற்கவோ உரிமையாளருக்கு வழி உண்டு.

1972-இல் தொடங்கப்பட்ட வின்னிபெக் ஜெட்ஸ் அணி, உலக ஹாக்கி சங்கம் என்ற போட்டி அமைப்பில் மூன்று முறை கோப்பையை வென்றது. அந்த அமைப்பு மூடப்பட்டபோது, 1979-இல் எட்மண்டன், கியூபெக், ஹார்ட்ஃபோர்டு அணிகளுடன் சேர்ந்து என்எச்எல்லில் இணைந்தது. இந்நான்கில் எட்மண்டன் மட்டுமே இடம்பெயராமல் இன்றளவும் நீடிக்கிறது. கியூபெக் அணி 1995-இல் டென்வர் நகருக்கும், வின்னிபெக் அணி 1996-இல் ஃபீனிக்ஸ் நகருக்கும், ஹார்ட்ஃபோர்டு அணி 1997-இல் வட கரோலினா மாநிலத்திற்கும் சென்றன.

1996-இல் நேர்ந்தது என்ன?

வின்னிபெக்கில் ரசிகர்களுக்குக் குறைவில்லை. 1995-இல் அணியைக் காப்பாற்ற நடந்த இயக்கத்தில் மக்கள் பெருந்திரளாகக் கூடினர். சிறுவர்கள் உண்டியல் சேமிப்பையும் நன்கொடையாக அளித்தனர். எனினும் மூன்று காரணங்கள் அணிக்கு எதிராக நின்றன.

முதலாவது, நாணய மதிப்பு. அணியின் வருவாய் கனேடிய டாலரில் கிடைத்தது. வீரர்களின் ஊதியமோ பெரும்பாலும் அமெரிக்க டாலரில் வழங்கப்பட்டது. அக்காலத்தில் ஒரு கனேடிய டாலரின் மதிப்பு ஏறத்தாழ 73 அமெரிக்க சென்ட் மட்டுமே. இரண்டாவது, ஊதியத்திற்கு உச்சவரம்பு இல்லை. நியூயார்க் போன்ற பெருநகர அணிகள் நிர்ணயிக்கும் விலைக்கு ஏறத்தாழ 7 லட்சம் மக்கள்தொகை கொண்ட நகரத்தால் ஈடுகொடுக்க இயலவில்லை. மூன்றாவது, 1955-இல் திறக்கப்பட்ட பழைய அரங்கம். நிறுவனங்களுக்கு அதிக விலையில் விற்கக்கூடிய தனி அறைகள் போன்ற வருவாய் வழிகள் அதில் போதிய அளவில் இல்லை.

1996 ஏப்ரல் 28 அன்று டெட்ராய்ட் அணியிடம் தோற்று பிளேஆஃப் சுற்றிலிருந்து வெளியேறியதே, வின்னிபெக் மண்ணில் பழைய ஜெட்ஸ் ஆடிய கடைசி ஆட்டமாக அமைந்தது.

மாறிய சூழல்

அடுத்த 15 ஆண்டுகளில் அம்மூன்று தடைகளும் ஒவ்வொன்றாக விலகின. பழைய அணி வெளியேறிய அதே ஆண்டில், மனிடோபா மூஸ் என்ற கீழ்நிலை லீக் அணி வின்னிபெக்கிற்கு வந்தது. அதனுடன் தொடர்புடைய தொழிலதிபர் மார்க் சிப்மேனின் ட்ரூ நார்த் நிறுவனம், நகர மையத்தில் ஈட்டன்ஸ் பல்பொருள் அங்காடி இருந்த இடத்தில் புதிய அரங்கம் ஒன்றைக் கட்டி 2004-இல் திறந்தது. அப்போது நகருக்கு என்எச்எல் அணி வரும் என்ற உறுதி எதுவும் இல்லை.

உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான ஊதியத் தகராறால், 2004-05 சீசன் முழுவதும் ரத்து செய்யப்பட்டது. அதன் முடிவில் ஊதிய உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. முதல் ஆண்டில் ஓர் அணி தன் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய அதிகபட்சத் தொகை 3.9 கோடி அமெரிக்க டாலர் என நிர்ணயிக்கப்பட்டது. வருவாய் குறைந்த அணிகளுக்கு உதவும் வருவாய்ப் பகிர்வு முறையும் விரிவாக்கப்பட்டது. இதற்கிடையே கனேடிய டாலரின் மதிப்பும் உயர்ந்து, 2007-இலும் 2011-இலும் அமெரிக்க டாலருக்கு இணையாக நின்றது.

காத்திருப்பும் வாய்ப்பும்

தகுதி இருந்தால் மட்டும் போதாது. அணி ஒன்று விற்பனைக்கு வர வேண்டும். 2009-இல் ஃபீனிக்ஸ் அணி திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. பிளாக்பெர்ரி கைப்பேசி நிறுவனத்தின் இணைத் தலைமைச் செயலதிகாரியாக இருந்த ஜிம் பால்சிலி, அவ்வணியை நீதிமன்றத்தின் வாயிலாக வாங்கி ஹாமில்டன் நகருக்குக் கொண்டுசெல்ல முயன்றார். லீக் அதைக் கடுமையாக எதிர்த்தது, முயற்சி தோல்வியுற்றது. உறுப்பினர் யார், அணி எந்த நகரில் ஆடுவது என்பதைத் தாங்களே முடிவு செய்வோம் என்ற செய்தியை லீக் இதன்மூலம் தெளிவுபடுத்தியது.

வின்னிபெக் குழு வேறு வழியைக் கையாண்டது. பொதுவெளியில் கோரிக்கை எழுப்பாமல், லீக் தலைமையுடன் அமைதியாகத் தொடர்பைப் பேணியது. ஃபீனிக்ஸ் அணி இடம்பெயர நேர்ந்தால் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தது. எனினும் அப்புறநகரின் உள்ளாட்சி நிதியுதவி அளித்ததால், அவ்வணி அங்கேயே தங்கியது.

வாய்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. 1999-இல் ஆடத் தொடங்கிய அட்லாண்டா த்ராஷர்ஸ் அணி, ஒரே ஒரு முறை மட்டுமே பிளேஆஃப் சுற்றுக்கு முன்னேறியிருந்தது. உரிமையாளர்களுக்கு இழப்பு தொடர்ந்தது. 2011 மே 31 அன்று, செல்வந்தர் டேவிட் தாம்சனும் சிப்மேனும் இணைந்து அவ்வணியை வாங்குவதாக அறிவித்தனர். விலை 17 கோடி அமெரிக்க டாலர் என்றும், அதில் 6 கோடி லீக்கிற்கான இடமாற்றக் கட்டணம் என்றும் செய்திகள் வெளியாகின.

நகரின் ஆர்வத்தை எண்ணிக்கையில் மெய்ப்பிக்க 13,000 சீசன் டிக்கெட்டுகள் என்ற இலக்கு வைக்கப்பட்டது. ஓர் இருக்கைக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை பணம் செலுத்த வாடிக்கையாளர் உறுதியளிக்க வேண்டும். பொது விற்பனை தொடங்கிய சில நிமிடங்களிலேயே இலக்கு எட்டப்பட்டது. ஜூன் 21 அன்று ஆளுநர் குழு ஒப்புதல் அளித்தது. அக்டோபர் 9 அன்று மான்ட்ரியால் அணியுடனான முதல் ஆட்டத்தில் புதிய ஜெட்ஸ் தோல்வியுற்றபோதிலும், ரசிகர்கள் அதை விழாவாகவே கொண்டாடினர்.

ஒரு நகரின் மீட்பு மற்றொரு நகரின் இழப்பாக அமைந்தது என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். 1980-இல் தனது முதல் அணியைக் கால்கரி நகருக்குப் பறிகொடுத்த அட்லாண்டா, 2011-இல் இரண்டாவது முறையாக அணியை இழந்தது. வின்னிபெக்கிலிருந்து ஃபீனிக்ஸ் சென்ற அணியும் அங்கு நிலைக்கவில்லை. சுமார் 5,000 பேர் மட்டுமே அமரக்கூடிய பல்கலைக்கழக அரங்கில் இரு சீசன்கள் ஆடிய பின்னர், 2024-இல் அவ்வணியின் வீரர்களும் ஊழியர்களும் யூட்டா மாநிலத்தின் புதிய அணிக்கு மாற்றப்பட்டனர்.

கியூபெக் ஏன் காத்திருக்கிறது?

கியூபெக் நகர், சுமார் 37 கோடி கனேடிய டாலர் செலவில், பெரும்பாலும் பொதுப் பணத்தைக் கொண்டு, 18,000-க்கும் மேற்பட்ட இருக்கைகளுடன் 2015-இல் புதிய அரங்கத்தைத் திறந்தது. க்யூபெகோர் நிறுவனம் புதிய அணிக்கு விண்ணப்பித்தது. ஆனால் 2016-இல் லாஸ் வேகாஸ் நகருக்கு அனுமதி வழங்கிய லீக், கியூபெக்கின் விண்ணப்பத்தை ஒத்திவைத்தது.

கனேடிய டாலரின் மதிப்பு மீண்டும் சரிந்திருந்தது. கிழக்குப் பகுதியில் ஏற்கெனவே அணிகள் அதிகமாக இருந்ததும் தடையாக அமைந்தது. அணிகளின் விலையும் எட்டாத உயரத்திற்குச் சென்றுவிட்டது. புதிய அணிக்கு லாஸ் வேகாஸ் செலுத்திய நுழைவுக் கட்டணம் 50 கோடி அமெரிக்க டாலர். அடுத்து வந்த சியாட்டில் செலுத்தியது 65 கோடி. யூட்டா உரிமையாளர் 2024-இல் லீக்கிற்குச் செலுத்த ஒப்புக்கொண்ட தொகை 120 கோடி. 17 கோடியில் ஓர் அணியை வாங்கும் வாய்ப்பு இனி எந்தச் சிறு நகருக்கும் கிடைப்பது அரிது.

மீட்டது நிலைக்குமா?

களத்தில் வின்னிபெக் சாதித்துள்ளது. 2018-இல் மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றை எட்டிய அணி, 2024-25 லீக் சுற்றில் அதிகப் புள்ளிகள் பெற்று முதலிடம் பிடித்தது. ஆனால் கரோனா பெருந்தொற்றுக்குப் பின்னர், ஏறத்தாழ 13,000 ஆக இருந்த சீசன் டிக்கெட் விற்பனை 10,000-க்கும் கீழே சரிந்தது. இந்நிலை நீண்ட காலத்திற்குத் தாங்காது என 2024-இல் சிப்மேன் வெளிப்படையாகவே எச்சரித்தார். அதன் பின்னர் டிக்கெட் விற்பனையை மீட்க நிர்வாகம் முயற்சிகளை மேற்கொண்டது.

கனேடிய டாலரின் மதிப்பு அண்மை ஆண்டுகளில் மீண்டும் 70 முதல் 75 அமெரிக்க சென்ட் அளவிலேயே உள்ளது. அதாவது, 1996-இல் இருந்த நிலையே திரும்பியுள்ளது. அன்று இல்லாத ஊதிய உச்சவரம்பும் வருவாய்ப் பகிர்வும் இன்று அணிக்கு அரணாக உள்ளன. ஆனால் அந்த உச்சவரம்பும் 2025-26 சீசனில் 9.55 கோடி அமெரிக்க டாலராக உயர்ந்துவிட்டது.

ஓர் அணி திரும்புவதற்கு நவீன அரங்கம், நிதிவளமும் பொறுமையும் கொண்ட உரிமையாளர், சாதகமான லீக் விதிகள், உரிய நேரத்தில் விற்பனைக்கு வரும் வேறோர் அணி ஆகிய நான்கும் ஒருசேர அமைய வேண்டியுள்ளது. ரசிகர்களின் அன்பு இவற்றுக்கு ஈடாகாது. எனினும், வந்த அணியைத் தக்கவைக்கும் பொறுப்பு மீண்டும் அவர்களிடமே வந்து சேர்கிறது. ஏறத்தாழ 15,000 இருக்கைகள் கொண்ட அரங்கை ஆண்டுக்கு 40-க்கும் மேற்பட்ட இரவுகளில் நிரப்பும் சோதனையை வின்னிபெக் ஒவ்வொரு சீசனிலும் எதிர்கொள்கிறது.