அத்தாவுக்குப் பேச்சு வரவில்லை, ஓத மட்டும் வருகிறது

பக்கவாதம் வந்தபின் “தண்ணி” என்று கேட்க முடியாத பெரியவர், அல்ஹம்து சூராவைத் தடங்கலின்றி ஓதுவார். நாமக்கல்லில் லாரி ஓட்டிய அத்தாவாகவும் இருக்கலாம், சேலம் கோட்டையில் கடை வைத்திருந்தவராகவும் இருக்கலாம். கராமத் என்பார் சிலர்; நடிக்கிறார் என்பாரும் உண்டு. இரண்டும் இல்லை.

பெரும்பாலோருக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தைச் சார்ந்தது. ராகத்துக்கு வலப்பக்கமும் துணை நிற்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு 1973-இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஒரு பயிற்சியை வெளியிட்டார்கள். “தண்ணி வேணும்” என்பதை ஏற்ற இறக்கமாக இழுத்துச் சொல்ல வைத்து, அசைக்கு ஒரு தட்டாக நோயாளியின் இடக்கையைத் தட்டுவார்கள். போகப் போக ராகம் குறைந்து பேச்சாகும். எல்லோருக்கும் அல்ல, நாம் சொல்வது விளங்கியும் பதில் வராமல் தவிப்பவர்களுக்கே இது.

“மியூசிக் தெரபி” என்றதும் நம்மில் சிலர் முகம் சுளிக்கிறோம். இசைக்கருவி பற்றி உலமாக்களிடம் கருத்து வேறுபாடு உண்டுதான். இதில் கருவியே இல்லையே, குரலும் கையும்தானே! (துருக்கியின் எடிர்னேயில் சுல்தான் இரண்டாம் பாயசீத் 1488-இல் கட்டி முடித்த மருத்துவமனையில் நோயாளிகளுக்கு இசைக்குழுவே வாசித்ததாகப் பயணி எவ்லியா செலெபி எழுதியிருக்கிறார்.) ஆனால் ஆயத்துகளை வைத்துப் பயிற்சி வேண்டாம். மனப்பாடம் தானாக வரும். தேவையைக் கேட்க அது உதவாது. பேரன் பெயர், சோறு, வலி இவற்றில் தொடங்குங்கள்.

முறையைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ளுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் விசாரிக்கலாம். நிரந்தரப் பேச்சிழப்பு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அடங்கும். அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.