ஒரே ஸ்பீக்கரில் பாட்டும் மைக்கும்

காலையில் பக்திப் பாடலுக்கு செல்போன், செய்திக்கு டி.வி., சலுகை விலை அறிவிக்க மைக். இம்மூன்றையும் கடையிலுள்ள ஒரே ஜோடி ஸ்பீக்கரில் ஒலிக்கச் செய்ய நம்மில் பலர் விரும்புகிறோம். இதற்காக வயர்களை முறுக்கி ஒன்றாக்கி ஆம்ப்ளிஃபையரில் சொருகுவது தவறு.

ஒரு ஒலியை இரண்டாகப் பிரிக்க அம்முறை உதவும். இரண்டை ஒன்றாக்க உதவாது. ஒரு கருவி அனுப்பும் மின்சாரம் மற்றதன் வெளியீட்டிற்குள் பாயும். ஒலி குறையும், இரையும், கருவியும் பழுதாகலாம். இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை ஒரே ஸ்பீக்கரில் இணைப்பது இன்னும் ஆபத்து. ஆம்ப்ளிஃபையரே எரிந்துபோகக்கூடும்.

வழிகள் இரண்டு. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் கேட்டால் போதும் என்பவர்கள் செலக்டர் சுவிட்ச் வாங்கலாம். பாட்டும் மைக்கும் சேர்ந்து ஒலிக்க வேண்டுமானால் மிக்ஸர் தேவை. அல்லது மைக், ஆக்ஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனி வால்யூம் உள்ள ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். எனவே அதை 'மைக்' சாக்கெட்டிலும், செல்போன், டி.வி. ஆகியவற்றை 'ஆக்ஸ்' சாக்கெட்டிலும் மட்டுமே சொருகவும்.

முக்கியமாக ஒன்று. பணம் வந்ததைச் சொல்லும் யுபிஐ சவுண்ட்பாக்ஸ் தன் சொந்த ஸ்பீக்கரில்தான் பேசும். கல்லாவுக்கு மேலேயே பாட்டு அலறினால் அக்குரல் காதில் விழாது. போலி ஸ்கிரீன்ஷாட் காட்டிச் சரக்கு வாங்கிச் செல்வோரும் உண்டு. எனவே ஸ்பீக்கரைக் கல்லாவிலிருந்து தள்ளி மாட்டுங்கள். வியாபாரம் மும்முரமான நேரத்தில் பாட்டின் வால்யூமைக் குறையுங்கள். பாட்டு வாடிக்கையாளருக்கு; சவுண்ட்பாக்ஸ் நமக்கு.