அமைச்சுகளைக் குறைத்தலும் பணிகளைக் குறைத்தலும்: சீன நிருவாகச் சீரமைப்பு ஒரு பார்வை

அரசாங்கத்தைச் சுருக்குதல் என்றவுடன் பதவிகளின் எண்ணிக்கையைக் குறைத்தல் என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். ஊழியர் குறைந்தால் செலவு குறையும், நிருவாகமும் செம்மையுறும் என்பது பொதுவான கருத்தாகும். இக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதைச் சீன நாட்டின் பட்டறிவைக் கொண்டு இக்கட்டுரையில் நோக்குவோம்.

சீன மத்திய அரசின் தலைமை நிருவாக அமைப்பு அரசு மன்றமாகும். 1982ஆம் ஆண்டில் இதன்கீழ் இயங்கிய 100 அமைப்புகள் 61 ஆகக் குறைக்கப்பட்டன. ஆயினும், 1993ஆம் ஆண்டுச் சீரமைப்பிற்கு முன்னர் அவை மீண்டும் 86 ஆகப் பெருகியிருந்தன. அவ்வாண்டில் அவை 59 ஆகக் குறைக்கப்பட்டன. சுருங்குவதும் பெருகுவதும் மாறி மாறி நிகழ்ந்த இச்சுழற்சிக்குக் காரணம் என்ன?

நிலக்கரி அமைச்சின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1988இல் அவ்வமைச்சு கலைக்கப்பட்டு, அதன் பொறுப்புகள் புதிய எரிசக்தி அமைச்சிடம் ஒப்படைக்கப்பட்டன. ஐந்தாண்டுகளில் எரிசக்தி அமைச்சே கலைக்கப்பட்டது. 1993இல் நிலக்கரி அமைச்சு மீண்டும் தோன்றியது. பெயர்ப்பலகை மாறியதேயன்றி, அரசுச் சுரங்கங்களை மேலிருந்து நடத்தும் பொறுப்பு அரசிடமே இருந்தது. பணி நீடிக்கும்வரை அதனைச் செய்ய ஓர் அலுவலகமும் தேவைப்படும் என்பது இதனால் தெளிவாகும்.

1998ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிரதமராகப் பொறுப்பேற்ற சூ ரோங்ஜி இச்சிக்கலின் வேரைத் தொட முற்பட்டார். அரசு மன்றத்தின் அமைச்சுகளும் ஆணையங்களும் 40இலிருந்து 29 ஆயின. நிலக்கரி, இயந்திரத் தொழில், உலோகத் தொழில் முதலிய அமைச்சுகள் அரசுப் பொருளாதார வணிக ஆணையத்தின்கீழ்ச் சிறு பணியகங்களாயின. தொழில் நிறுவனங்களை நேரடியாக நடத்தும் பொறுப்பு அவற்றிடமிருந்து விலக்கப்பட்டது. 2001இல் இப்பணியகங்களும் கலைக்கப்பட்டன.

மத்திய அலுவலகங்களில் ஏறத்தாழ 32,000 ஆக இருந்த பணியிடங்கள் 17,000க்கும் குறைவாயின. பதவி இழந்தோர் உடனே வீதிக்கு அனுப்பப்படவில்லை. சிலர் ஊதியத்துடன் உயர்கல்விப் பயிற்சிக்கும், சிலர் தொழில் நிறுவனங்களுக்கும் அனுப்பப்பட்டனர். வேறு சிலர் ஓய்வு பெற்றனர்.

இங்கு நாம் கருத வேண்டிய மற்றொன்றும் உண்டு. அக்காலத்தில் சீனச் சுரங்க விபத்துகளில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். உற்பத்தியை நடத்தும் பொறுப்பை அரசு கைவிடலாம்; தொழிலாளர் உயிரைக் காக்கும் பொறுப்பைக் கைவிடல் இயலாது. எனவேதான் நிலக்கரி அமைச்சு மறைந்த பின்னர், சுரங்கப் பாதுகாப்பைக் கண்காணிக்கத் தனி அமைப்பொன்று நிறுவப்பட்டது. அவ்வமைப்பு தோன்றிய பின்னரும் விபத்துகள் பல ஆண்டுகள் தொடர்ந்தன. கண்காணிப்பு வலுப்பெறக் காலமும் ஆளும் தேவை என்பதையே இது காட்டுகிறது.

எத்தனை பேரைக் குறைப்பது என்பதற்கு முன், எப்பணியை விடுவது, எப்பணியைக் காப்பது என்று முடிவு செய்தல் வேண்டும். முன்னதை மட்டும் செய்த சீரமைப்புகளில் அமைச்சுகள் மீண்டும் முளைத்தன. பின்னதை எண்ணாது குறைத்தால் அதன் விலையைச் சுரங்கத் தொழிலாளி போன்ற எளியோரே கொடுக்க நேரும் என்பது நாம் இவ்வரலாற்றினின்று பெறும் படிப்பினையாகும்.