தாஜ் ஹோட்டலைக் கட்டியவர்கள் யார்?

2017-ம் வருஷத்தில் நமது தேசத்தின் சட்ட சரித்திரத்தில் ஒரு புதுமை நிகழ்ந்தது. இன்று மும்பை என வழங்கும் பம்பாய் நகரில், அப்போலோ பந்தர்க் கரையில் நிற்கும் தாஜ்மஹால் ஹோட்டலின் உருவம் வியாபாரச் சின்னமாகப் பதிவு செய்யப்பட்டது. ஒரு கட்டிடத்தின் தோற்றத்திற்கு இவ்விதப் பதிவு கிடைத்தது இந்தியாவில் அதுவே முதல் தடவை. உடையவர் சம்மதமின்றிப் பிறர் அந்தத் தோற்றத்தைத் தம் வியாபாரத்திற்குச் சின்னமாக வைத்துக்கொள்ள முற்பட்டால், இனிச் சட்டம் குறுக்கே நிற்கும். உடைமையைக் காப்பது சட்டத்தின் கடமை. அதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அந்த உருவத்தை முதலில் மனத்திற் கண்டு காகிதத்தில் வரைந்தவர் யார் என்று கேட்டால், படித்தவர்களிலும் பதில் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

பெயரைச் சொல்ல இயலாதவர்கள் ஒரு கதையைச் சொல்லுவார்கள். சீமையிலிருந்து வந்த ஒரு சிற்பி பிளானை வரைந்து கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாராம். திரும்பி வந்து பார்த்தபோது, இங்குள்ள வேலைக்காரர்கள் பிளானைத் திருப்பிப் பிடித்துக் கட்டிடத்தின் முன்புறத்தைப் பின்புறமாக்கி விட்டார்களாம். மனம் பொறாமல் அவர் மேல் மாடியிலிருந்து குதித்து உயிர் துறந்தாராம்! இக்கதையைக் கேட்டு நகைப்பவர்கள், தம் தேசத்தாரின் அறிவையே நகைக்கிறோம் என்பதைச் சிறிதும் உணர்வதில்லை.

நியாய ஸ்தலத்தில் சாட்சியை விசாரிப்பது போல இதையும் விசாரிப்போம். பிளானை வரைந்த சிற்பிகள் சீமையார் அல்லர். ஒருவர் ராவ் சாஹேப் சீதாராம் கண்டேராவ் வைத்யா; மற்றவர் டி. என். மிர்ஸா. விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தை வகுத்த எப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் துரையிடம் வேலை பழகித் தேர்ந்தவர் வைத்யா. கட்டிடம் முற்றுப்பெறு முன்பே அவர் காலமானார். டபிள்யூ. ஏ. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் அதன் பிறகு பொறுப்பேற்று வேலையை முடித்தார். ஆகவே, திரும்பி வந்து பார்த்துத் திடுக்கிட்ட சிற்பி என்று ஒருவரும் இல்லை.

கட்டிடம் திரும்பி நிற்கிறதா என்பது அடுத்த கேள்வி. இரு சிறகுகளையும் நகரத்தின் பக்கம் நீட்டி, நீண்ட முதுகைக் கடலுக்குக் காட்டும் விதமாக அது வகுக்கப்பட்டது. வண்டிகள் நகரத்துப் பக்கமாக வந்து, இரு சிறகுகளுக்கும் நடுவிலிருந்த வாயிலில் நின்றன. பிரயாணிகள் தங்கும் அறைகளோ கடலைப் பார்த்திருந்தன. பம்பாயின் புழுக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. கடற்காற்று விருந்தாளிக்கு, வண்டிப் புழுதி வாசலுக்கு என்பதே அந்த ஏற்பாடு. பிற்காலத்தில் வாயில் கடற்புறத்திற்கு மாற்றப்பட்டது. பழைய வாயிற்புறம் நீச்சற் குளமாயிற்று. இதை அறியாதவர்களே திருப்பிக் கட்டிய கதையைப் பரப்பினார்கள். தவறு என்று அவர்கள் எண்ணியது உண்மையில் யுக்தி!

கட்டிடத்தின் உள்ளே நுழைவோர் முதலில் நிமிர்ந்து பார்ப்பது நடுக் கும்மட்டத்தின் கீழ் உள்ள மாடிப்படியை. நடுவில் தாங்கும் தூண் இன்றி, சுவரைப் பற்றிக்கொண்டு மாடிக்கு மாடி ஏறிச் செல்லும் இந்தப் படிக்கட்டை அமைத்தவர் ஸொராப்ஜி ரத்தன்ஜி கண்டிராக்டர் என்ற பார்ஸி. வெளிப்புறத்திலோ மொகலாயக் கும்மட்டமும், ராஜபுத்திர அரண்மனைகளை நினைவூட்டும் மாடங்களும், ஐரோப்பிய முறைச் சாளரங்களும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. லிப்ட் ஜெர்மனியிலிருந்தும், மின்சார விசிறிகள் அமெரிக்காவிலிருந்தும் வந்தன. நடனசாலைக்கு வேண்டிய இரும்புத் தூண்கள் பாரிஸில் வாங்கப்பட்டன. பணம் கொடுத்து வாங்கக் கூடியவை அன்னிய தேசத்திலிருந்து வந்தன; மூளையும் கைத்திறனும் இங்கேயே இருந்தன.

இதைக் கட்டுவித்த ஜாம்ஷெட்ஜி டாட்டாவைப் பற்றியும் ஒரு கதை உண்டு. வாட்ஸன் ஹோட்டலில் இந்தியர் என்று அவரைத் தடுத்தார்கள் என்றும், அந்த அவமானத்திற்குப் பதிலாகவே தாஜ் எழுந்தது என்றும் சொல்லுவார்கள். சரித்திரக்காரர் சிலர் இதை நம்புவதில்லை. வாட்ஸன் ஹோட்டலைப் பற்றிய நிச்சயமான செய்தியே போதிய படிப்பினை தருகிறது. அதன் இரும்புச் சட்டங்கள் யாவும் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தவை. 1860-க்குப் பிந்திய பத்தாண்டில் அவற்றை இங்கே பூட்டி நிறுத்தினார்கள். 1896-ம் வருஷம் ஜூலை மாதம் 7-ந் தேதி இந்தியாவில் முதன்முதலாகச் சலனப்படம் காட்டப்பட்டது அந்த ஹோட்டலில்தான். பிறகு அது ஹோட்டல் என்ற நிலையை இழந்து, பல குடித்தனங்களாகவும் ஆபீஸ்களாகவும் பிரிந்து, பராமரிப்பின்றிச் சிதைந்தது. 2005-ல் ஒரு பகுதி இடிந்தும் விழுந்தது. இதில் நாம் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை. அதுவும் நம் நகரத்தின் செல்வமே.

1903-ம் வருஷம் டிஸம்பர் மாதம் 16-ந் தேதி தாஜ் திறக்கப்பட்டது. ஐந்து மாதங்களில், 1904 மே 19-ந் தேதி, ஜாம்ஷெட்ஜி ஜெர்மனியில் காலமானார். முதல் மகா யுத்தத்தில் அவர் எழுப்பிய மாளிகை 600 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியாயிற்று. எதிரே நிற்கும் இந்தியா வாயில் முற்றுப்பெற்றது 1924-ல்தான். சக்கரவர்த்தியின் வருகைக்கு ஞாபகச் சின்னமாக எழுந்த அவ்வாயிலின் வழியாகவே, 1948 பிப்ரவரி 28-ந் தேதி, கடைசிப் பிரிட்டிஷ் படை கப்பலேறியது. அதையும் இம்மாளிகை கண்டது. 2008 நவம்பர் 26-ந் தேதி இரவு பயங்கரவாதிகள் உட்புகுந்து, மூன்று நாள் வரையில் சுட்டும் எரித்தும் நாசம் விளைவித்தனர். விருந்தாளிகளைக் காக்கும் பொருட்டு ஊழியர் பலர் தம் உயிரைக் கொடுத்தனர். புதுப்பிக்கப்பட்ட மாளிகை 2010-ம் வருஷம் சுதந்திர தினத்தன்று மீண்டும் திறந்தது.

இவ்வளவு பெருமை வாய்ந்த கட்டிடத்திற்கு ஏன் அத்தகைய பொய்க் கதை ஒட்டிக்கொண்டது? ஆக்ராவிலுள்ள தாஜ்மஹாலுக்கும் இதே கதிதான். அதைக் கட்டியவர்களின் கைகளைப் பாதுஷா வெட்டிவிட்டார் என்பது ஆதாரமற்ற கதை. ஆயினும் அது வீடுதோறும் தெரியும். சிற்பி என்று சரித்திரக்காரர் கருதும் உஸ்தாத் அஹமத் லாஹோரியின் பெயரோ பலருக்குத் தெரியாது. கட்டுவித்தவன் பெயர் நிற்கிறது. கட்டியவன் பெயர் மறைகிறது. மறைந்த இடத்தில் கட்டுக்கதை முளைக்கிறது. அந்தக் கட்டுக்கதையோ நம்மவரை மூடராகவோ அடிமையாகவோ காட்டுவதாக அமைகிறது.

இதற்குப் பரிகாரம் நம் கையிலேயே இருக்கிறது. நம் ஊர்களில் நூறு வருஷத்துப் பள்ளிக்கூடமும், சத்திரமும், ரயில் நிலையமும் எத்தனையோ நிற்கின்றன. அவற்றின் பழைய தஸ்தாவேஜுகள் செல்லரித்துப் போகுமுன், பிளான் வரைந்தவர், கண்டிராக்டர், மேஸ்திரி ஆகியோரின் பெயர்களைத் தேடி எடுத்து வாசலில் ஒரு கல்லில் பொறிக்கட்டும். இடித்துத் தள்ளும் முன்னராவது அந்தக் கல்லைப் படிக்கச் சிலர் நிற்பார்கள். கட்டிடத்தின் உருவத்தைக் காக்கச் சட்டம் இருக்கிறது. அதை ஆக்கியவர்களின் பெயரைக் காக்க வேண்டியவர்கள் நாமே.