சோளம் தின்ற நாயின் நாக்கு ஏன் கறுத்தது தெரியுமா?

அதற்கு முன் ஒரு சங்கதி: மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு, ஓநாயின் உடலில் இரண்டே நகல்தான். நம் வீட்டு நாயிடம்? 4 முதல் 30 வரை! ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013-ல் 'நேச்சர்' இதழில் இதைப் போட்டு உடைத்தார்கள். மனிதன் விதைத்து அறுக்கத் தொடங்கியதும், அவன் மிச்சச் சோற்றை நம்பிய பிராணி தன் வயிற்றையே மாற்றிக்கொண்டுவிட்டது. "நாய்க்கு அரிசியே ஆகாதுங்க" என்று திருப்பூர் பெட் ஷாப்பில் யாராவது சொன்னால், காங்கேயம் ரைஸ்மில் பக்கம் கையைக் காட்டுங்கள்!

அப்படியென்றால் தயிர்ச்சோறு மட்டும் போதுமா? போதாது. ஒரே உணவு ஆபத்து என்பதற்கு நம்ம ஊர்ச் சோளமே சாட்சி.

பெல்லாக்ரா என்றொரு நோய். தோல் வெடிக்கும், வயிறு போகும், புத்தி தடுமாறும். மக்காச்சோளத்தையே தின்று வாழ்ந்த ஏழைகளை அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் கொன்றது. அதே நோய் நாய்க்கு வந்தால் நாக்கு கறுத்துப்போகும். 1937-ல் விஞ்ஞானி கான்ராட் எல்வெஜெம், ஈரலிலிருந்து பிரித்த நிக்கோட்டினிக் அமிலத்தைக் கறுநாக்கு நாய்களுக்குக் கொடுத்தார், பிழைத்துக்கொண்டன! மனிதர்களுக்கான மருந்தும் அப்படித்தான் கிடைத்தது. ஆனால் தக்காணத்தில் ஒரு புதிர்: மக்காச்சோளமே தொடாமல் வெள்ளைச்சோளம் தின்றவர்களுக்கும் பெல்லாக்ரா. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலனும் சக ஆய்வாளர் பெலவாடியும் ஹைதராபாத்தில் நாய்களுக்குச் சோள உணவு கொடுத்துப் பார்த்தார்கள். நாக்கு கறுத்தது! 1965-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. சோளத்தில் மிகுந்திருக்கும் லியூசின் என்ற அமினோ அமிலத்தைக் காரணமாகச் சொன்னார்கள். அதைப் பற்றிப் பின்னாளில் சர்ச்சை எழுந்தது. ஆனால் சோளச்சோற்றோடு ஒரு முட்டையோ, வேகவைத்த கோழியோ, சின்னத் துண்டு ஈரலோ சேர்ப்பதில் சர்ச்சையே இல்லை. பல்லடத்தில் கறிக்கோழிக்குக் கொள்முதல் விலை நிர்ணயிக்கிற சீமையில் இருந்துகொண்டு கோழிக்கா பஞ்சம்? எலும்பை மட்டும் எடுத்துவிடுங்கள். வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சம்? அதிலிருக்கும் வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வதக்கினாலும் விடாது! ஒரு கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரியும். 10 கிலோ நாய்க்குக் கணக்குப் போட்டால் 150 கிராம்தான்.

பருத்தி ஊர்க்காரர்களே, இது உங்களுக்கு! மாட்டுத் தொட்டியில் ஊறுகிற பருத்திக்கொட்டையை நாய் நக்குகிறதா? விரட்டுங்கள். அதிலுள்ள காசிபால் என்ற நஞ்சை மாட்டின் அசைபோடும் வயிறு பெருமளவு கட்டிப்போட்டுவிடும். நாயின் வயிற்றுக்கு அந்த வித்தை தெரியாது. அமெரிக்காவில் படுக்கையாக விரித்த பருத்திக்கொட்டையைத் தின்ற நாய்களுக்கு இதயமே கெட்டிருக்கிறது. இன்னொரு கூத்து: இதே காசிபாலைத்தான் சீனாவில் 1970-களில் ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாகச் சோதித்தார்கள்!

பாக்கெட் தீனி என்றால் எல்லாம் சரியா? முன்பக்கக் கோழிப் படத்தை மறந்துவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். எதன் எடை அதிகமோ அது பட்டியலில் முதலில் வரும். ஆனால் எடை போடுவது வேகவைப்பதற்கு முன்னால். பச்சைக் கோழியில் முக்கால்வாசி தண்ணீர். காய்ந்தபின் முதலிடத்துக் கோழி எத்தனையாவது இடத்துக்குப் போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். டின் தீனியில் புரதம் 8 சதவீதம்தானே என்று ஒதுக்கவும் வேண்டாம். ஈரம் 78 சதவீதம் என்றால் மீதி 22-ல் 8, அதாவது 36 சதவீதம்! நம் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'உணவு' என்ற வரையறைக்குள் விலங்குத் தீவனம் வராது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆக, படிக்க வேண்டியது நாம்தான்.

மூட்டையை அவிழ்த்து வைத்துக் கிலோ கணக்கில் அள்ளிப்போடும் தீனி மலிவுதான். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை கக்கும் அஃப்ளடாக்சின் ஈரலைத் தின்றுவிடும். 2020 கடைசியில் அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் தீனி இந்த நஞ்சால் திரும்பப் பெறப்பட்டது. செத்த நாய்கள் நூற்றுக்கும் மேல்! தேதி பார்த்துச் சின்னப் பாக்கெட்டாக வாங்கி, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று, திருப்பூரில் மட்டுமே சொல்ல வேண்டியது. குழம்பு துடைத்த பனியன் வேஸ்ட்டை மூலையில் போட்டீர்களா? நாய்க்கு அது கறித்துண்டு! நூலும் எலாஸ்டிக்கும் வயிற்றில் ஒரு முனை மாட்டிக்கொண்டால் குடலைச் சுருக்குப் பையாகச் சுருட்டி அறுத்துவிடும். வாயிலோ பின்னாலோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்கவே கூடாது. அப்படியே தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.