தோய்த்த துவாயில் ஏன் இந்த மணம்?

ஐப்பசி பிறந்து மாரி தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்துக் கொடிகளில் எல்லாம் ஒரே கதைதான். காலையில் சவர்க்காரம் போட்டு, கல்லில் அடித்துத் தோய்த்த துவாயைப் பின்னேரம் எடுக்கும்போது ஒரு குறையும் தெரியாது. குளித்துவிட்டு வந்து முகத்தைத் துடைத்தால் உடனே நனைந்த சாக்கின் மணம். "வடிவாய்த் தோய்க்கேல்லைப் போல" என்று மாமி ஒரு சொல் சொல்லிவிடுவார். பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையிலும் அந்த மணம் ஏறிவிட்டால் பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளை மூக்கைப் பொத்தும். கூலி வேலைக்குப் போய் வந்து, இருட்டும் நேரத்தில் தண்ணீர் அள்ளித் தோய்க்கும் ஒரு தாய்க்கு அது எவ்வளவு வலிக்கும்? சகோதரிகளே, இது உங்கள் சோம்பலால் வருவதல்ல.

2012 ஆம் ஆண்டு யப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, இந்த மணத்துக்கு முக்கிய காரணம் மொரக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்னும் பக்றீரியா எனக் காட்டியது. பெயரை மறந்தாலும் பரவாயில்லை. குணத்தை நினைவில் வைத்திருங்கள். எமது உடம்பிலிருந்து துவாயில் ஒட்டும் எண்ணெய்த்தன்மையும் வியர்வையும் இறந்த தோலுமே அதன் சாப்பாடு. சாதாரணமாகத் தோய்க்கும்போது அது முழுவதும் சாவதில்லை. துவாய் காய்ந்தாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். திரும்ப ஈரம் பட்டதும் பெருகி, மணக்கின்ற ஒருவகை அமிலத்தை உண்டாக்கும். தோய்த்த துவாய் காய எவ்வளவு நேரம் செல்கிறதோ அவ்வளவுக்கு அதற்குக் கொண்டாட்டம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னுமொரு கரைச்சல் உண்டு. சுண்ணாம்புக்கல் நிலம் ஆகையால் கிணற்றுத் தண்ணீர் வன்னீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தத் தண்ணீரில் கட்டிச் சவர்க்காரம் லேசில் நுரைக்காது. சுண்ணாம்போடு சேர்ந்து பிசுபிசுத்த படிவாகித் துவாயின் நூல்களுக்குள் தங்கிவிடும். அழுக்கும் அதற்குள்ளேயே கிடக்கும். துவாய் மட்டைபோல விறைப்பதும் இதனால்தான். நுரை வரவில்லையே என்று இன்னும் இன்னும் தேய்த்தால் படிவுதான் கூடும். துவாய்க்கு மட்டுமாவது சலவைத்தூள் பாவிப்பது நல்லது. வன்னீரில் அது கட்டிச் சவர்க்காரத்தை விட நன்றாக வேலை செய்யும். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை. தகரக் கூரையிலிருந்து முதல் மழையின் அழுக்கு வழிந்து போன பின்னர் ஒரு பரலில் பிடித்து வைத்தால் கடைசி அலசலுக்கு அதைவிடத் திறமான தண்ணீர் கிடையாது. பரலை மூடி வையுங்கள், டெங்கு நுளம்புக்கு அது தொட்டிலாகிவிடும்.

ஏற்கனவே மணம் பிடித்த துவாய்க்குச் சூடுதான் மருந்து. வெள்ளைப் பருத்தித் துவாயானால் பெரிய சருவத்தில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். சாயம் போகக்கூடியவற்றைத் தனியாக வாளியில் இட்டுச் சுடுதண்ணீர் ஊற்றி அரை மணித்தியாலம் மூடி விடலாம். சலவைச் சோடா போடுபவர்கள் அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்க்க வேண்டும், அது கறுத்து அரித்துப்போகும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த வாளியை நிலத்தில் விட்டுவிட்டு அங்காலே போகாதீர்கள்.

படிவு பிடித்து விறைத்த துவாயை முதலில் அரை வாளித் தண்ணீரில் ஒரு கோப்பை வினாகிரி கலந்து அரை மணித்தியாலம் ஊறவிடுங்கள். பின்னர் நன்றாக அலசிவிட்டே சலவைத்தூள் போட வேண்டும். வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாகக் கொட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. பொங்கி நுரைப்பது பார்க்க அழகுதான், ஆனால் ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும். கிணற்றுக்குப் போடுகின்ற குளோரின் தூளை மட்டும் ஒருபோதும் வினாகிரியுடன் சேர்க்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் வாயு மூச்சை அடைக்கும், உயிருக்கே ஆபத்து.

இனிக் காயப்போடும் விடயம். ஊத்தைத் துவாயை ஈரத்தோடு கூடைக்குள் சுருட்டிப் போடுவதில்தான் பாதிப் பிழை நடக்கிறது. தோய்க்கும் நாள்வரை அதையும் கொடியில் விரித்து விடுங்கள். தோய்த்ததை இரண்டு பேர் ஆளுக்கொரு நுனியில் பிடித்து முறுக்கிப் பிழிந்து, உதறி, இரட்டையாக மடிக்காமல் விரித்துப் போடுங்கள். மழை என்றால் காற்று ஓடும் தாழ்வாரமே மேல். குசினிப் புகையில் காய்ந்தால் மணம் போகாது, புகைமணமும் சேரும். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் தடித்த துவாய்கள் பெரும்பாலும் காயவைக்கும் இயந்திரம் உள்ள வீடுகளுக்கு ஏற்றவை. எங்கள் மாரிக்கு மெல்லிய துவாயே உத்தமம் என்பது என் எண்ணம். ஆளுக்கொன்று வைத்திருப்பதும் அவசியம், ஏனெனில் படர்தாமரை ஒரே துவாயால் வீடு முழுக்கப் பரவும்.

துவாயைப் பற்றிப் பேசுகின்ற நாம் மாதவிலக்குத் துணியைப் பற்றி வாய் திறப்பதில்லை. 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: கூடாரத்துக்குள் வேறு உடுப்புக்களின் அடியில் ஒளித்து, அரையும் குறையுமாகக் காய்ந்ததையே திரும்பப் பாவித்தோம். வீடு கிடைத்த பிறகும் அந்தப் பழக்கம் பலரை விட்டுப் போகவில்லை. துணியைக் குளிர்ந்த தண்ணீரில் முதலில் அலசி, பிறகு சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, வெயிலில் போடுங்கள். வெட்கமாக இருந்தால் பின்வளவுக் கொடியில் போட்டு, முன் கொடியில் ஒரு மெல்லிய சேலையை மறைப்பாக விரியுங்கள். காற்றும் வெயிலும் உள்ளே போகும்.

பொய்க்கால் போடுபவர்கள் கால் முனையில் அணியும் உறைக்கும் இதே கவனம் வேண்டும். ஒவ்வொரு நாளும் தோய்த்து, சவர்க்காரம் துளியும் தங்காமல் அலச வேண்டும். தங்கினால் தோல் எரியும், புண்ணாகும். கம்பளி உறையைக் கொதிக்க வைக்கக்கூடாது, சுருங்கிவிடும். ஈர உறையை அவசரத்துக்கு மாட்டிக்கொண்டு வேலைக்கு ஓடாமல் இருக்க இரண்டு மூன்று உறைகளாவது கைவசம் இருக்க வேண்டும்.

எதையும் அலுமாரியில் மடித்து வைக்கமுன் ஓரத்துத் தையலை விரலால் அழுத்திப் பாருங்கள். நடுப்பகுதி காய்ந்தாலும் தையல் குளிராக இருந்தால் ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது. இன்னும் ஒரு மணித்தியாலம் கொடியிலேயே கிடக்கட்டும்.